அளந்து போட்ட தீனி

ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஒரு நீளமான அறை. இருபத்திரண்டு வருஷமாக அந்த அறைக்கு அவர்தான் எஜமான், அவர்தான் வேலைக்காரன். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் மூக்கர் என்று சொன்னால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

மூக்கு ஒன்றும் பெரிதில்லை. சர்க்கரை நோய் வருவதற்கென்றே வளர்க்கிற எலிகளில் அடுத்து எது விழப்போகிறது என்பதை, ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே கூண்டைத் திறந்த கையோடு சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர்.

காலை ஆறரைக்கு ரப்பர் காலணியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், முதல் வேலை கூண்டுத் தட்டுகளை இழுத்து, எலிகளுக்கு அடியில் பரப்பிய மரச்சீவலைக் கொட்டுவது. நல்ல எலியின் சீவல் பொலபொலவென்று விழும். நோய் தொடங்கிய எலியின் சீவல் கட்டிக்கட்டியாகத் தட்டோடு ஒட்டிக்கொண்டு வராது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். புளித்துப்போன இனிப்பு மாதிரி ஒரு வாடை வரும். தண்ணீர் பாட்டில் அடிவரைக்கும் காலியாகியிருக்கும். எலியைக் கையில் எடுத்தால், போன வாரம் பந்து மாதிரி இருந்ததற்கு முதுகெலும்பு விரலில் தட்டுப்படும்.

"குண்டா இருக்கறப்ப பயப்படாதீங்க" என்று புதிதாக வரும் மாணவர்களுக்குச் சொல்லுவார். "குண்டா இருந்தது திடீர்னு இளைச்சுப் போச்சுன்னா அப்பப் பயப்படுங்க. தின்னது உடம்புல ஒட்டாம தண்ணியாப் போயிட்டிருக்குன்னு அர்த்தம்."

இவ்வளவும் தெரிந்த மனுஷர்தான் தன் வீட்டில் நடந்ததைப் பார்க்காமல் போனார்.

அவர் மனைவிக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். ஒரு பெரிய சலவைக்கடையில் நீராவி இஸ்திரி மேடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே விரிப்புகளையும் ஆஸ்பத்திரி அங்கிகளையும் அழுத்தித் தள்ளுவாள். நோய் என்று தெரிந்த அன்றைக்கே மூக்கர் ஒரு தராசு வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்தார். ரொட்டி இத்தனை கிராம், அவரைக்காய் இத்தனை கிராம், பழம் பாதி. சீனி டப்பா அவர் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. முதல் ஒன்றிரண்டு வருஷம் அவளுக்கே அதில் பெருமைதான். "எங்க வீட்டுக்காரர் மாதிரி யாரு பாத்துப்பாங்க" என்று கடையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணக்கு அவருக்குச் சுலபமாக இருந்தது. உள்ளே போவதை அளந்தால் ரத்தத்தில் ஏறுவது நின்றுவிடும். ஆனால் நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சோதனைச் சீட்டு வரும். ஒவ்வொரு சீட்டிலும் எண் கொஞ்சம் கூடியிருக்கும். மாத்திரை ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. இன்சுலின் ஊசிக்கு மாறிவிடலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் சொன்னபோது, மூக்கர் முந்திக்கொண்டார்.

"வேண்டாம் டாக்டர். ஊசி போட ஆரம்பிச்சா இவளுக்கு இன்னும் துணிச்சல் வந்துரும். நான் சாப்பாட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன்."

அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். 

அதற்கு முன்பே அவர் மனதில் அந்த விதை விழுந்திருந்தது. நான் அளந்துதான் போடுகிறேன், அப்படியும் ஏறுகிறது என்றால் என் கண்ணுக்குத் தெரியாமல் எதையோ தின்கிறாள். முதல் தடவை அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார், அவளும் சிரித்தாள். இரண்டாம் தடவை அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை, "சத்தியமா இல்லீங்க" என்றாள். அதற்கப்புறம் சத்தியம் செய்வதையும் விட்டுவிட்டாள். அவள் வாயை மூடியதை அவர் ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டார்.

தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரெல்லாம் சொன்னார். அவள் தங்கையிடம் சொன்னார். மாடி வீட்டுக்காரியிடம், "கேக்கு கீக்கு எதுவும் குடுத்துராதீங்க, கை நீட்டி வாங்கிப்பா" என்றார். சலவைக்கடை மேற்பார்வையாளரைப் பார்த்து, இடைவேளையில் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து கடையில் யார் பொட்டலம் பிரித்தாலும் அவளைப் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றார்கள். நோயாளிமேல் உள்ள அக்கறைதான். ஆனால் அக்கறை அப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் அதைத் தாங்குவது லேசில்லை.

இந்த வருஷம் மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அவள் இளைக்க ஆரம்பித்தாள். சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. கன்னம் வற்றிப்போய்ப் பல் பெரிதாகத் தெரிந்தது. மூக்கருக்குச் சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்திருந்த கொழுந்தியாளிடம் காட்டினார்.

"பாத்தியா உங்கக்காவை? ஒம்பது கிலோ குறைஞ்சிருக்கா. கட்டுப்பாடுன்னா இதுதான்."

தங்கை அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுபவள். யாருக்கும் பயந்து பேசிப் பழக்கமில்லாதவள்.

"அத்தான், இது கட்டுப்பாடு மாதிரி தெரியல. துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்கா. கண்ணு வேற சரியாத் தெரியலங்கறா. இந்தாக்கா, சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்க பாரு."

"வயசாகுதுல்ல, கண்ணாடி மாத்தணும்" என்றார் மூக்கர்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"அடுத்த மாசம் சோதனை இருக்கு. இந்தத் தடவை பாரு, எண் எப்படி இறங்குதுன்னு."

எண் இறங்கவில்லை. முந்நூற்று நாற்பது என்று வந்தது. சீட்டை வாங்கிய இடத்திலேயே அவருக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவள் குளியலறைக்குள் போன நேரம் பார்த்து, அவள் கைப்பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். சாவி, கைக்குட்டை, கால் எரிச்சலுக்குத் தடவும் களிம்பு, ஒரு தண்ணீர் பாட்டில், இன்னொரு தண்ணீர் பாட்டில். ஒரு பக்க அறையில் பிஸ்கட் காகிதம் ஒன்று, கசங்கி.

அவள் வெளியே வந்து, ஈரக் கையோடு நின்றாள்.

"இது என்ன?" என்றார்.

"கூட வேலை பாக்கறவ குப்பை. குப்பைத்தொட்டி தூரமா இருந்துச்சு, பையில போட்டுக்கிட்டேன்."

"அடுத்தவ குப்பையை நீ எதுக்குச் சுமக்கற? கையும் களவுமாப் பிடிபட்டா இப்படித்தான் கதை வரும். நான் கழுதை மாதிரி அளந்து அளந்து போட்டுக்கிட்டிருக்கேன். நீ வெளிய போய்த் திருடித் தின்னுட்டு வர்ற."

அவள் மேஜையில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள். கைக்குட்டையை மடித்து வைத்தாள். காகிதத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

"அதை வச்சுக்குங்க" என்றாள். "யார்கிட்டயாவது காட்டணும்னா வேணும்ல."

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு, கதவைச் சாத்து, மின்சாரம் போச்சு என்கிற அளவில் நின்றுவிட்டது.

இது நடந்து பத்து நாள் இருக்கும். எலிக்கூடத்தில் வேறொரு விஷயம் ஆரம்பித்தது.

அப்போது ஆராய்ச்சிக்கு எடுத்திருந்த தொகுதியில் நாற்பது எலிகள். எல்லாமே சர்க்கரை நோய் வரக்கூடிய வம்சம். இருபது எலிகளுக்கு வேண்டிய மட்டும் தீனி. இருபதுக்கு அளந்து போட்ட தீனி. ஆராய்ச்சி செய்த பெண்ணுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயசு இருக்கும். பட்டத்துக்கு அதுதான் அவளுடைய வேலை. மூக்கரை அண்ணே என்று கூப்பிடுவாள். அளவுத் தீனி எலிகளில் எதற்கும் நோய் வராது என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினாள். பதினாறாவது வாரத்தில் அவற்றில் ஏழு எலிகளுக்குச் சர்க்கரை எகிறியது.

அவள் தயங்கித் தயங்கி வந்து கதவருகில் நின்றாள். மூக்கர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே."

"கேளும்மா."

"அந்த ஏழு கூண்டுக்கும் யாராவது தீனி கூடப் போட்டிருக்க வாய்ப்பு இருக்கா? தெரியாம, பாவம் பசிக்குமேன்னு..."

மூக்கர் குழாயை மூடினார்.

"இந்தக் கதவுக்குச் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"தெரியும் அண்ணே."

"அப்ப யாராவதுன்னு எதுக்குச் சுத்தி வளைக்கற? நான் போட்டேனான்னு கேளு."

அவள் தரையைப் பார்த்தாள். "பேராசிரியர் கேக்கச் சொன்னாரு. கணக்கு ஒத்து வரல. அளந்து போட்டா ஏறக்கூடாதே அண்ணே."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கிராம் கூட்டியோ குறைத்தோ போட்டதில்லை அவர். காய்ச்சலோடு வந்து அளந்திருக்கிறார். மகள் கல்யாணத்தன்றும் விடியற்காலையில் வந்து அளந்து போட்டுவிட்டுத்தான் போனார். அதையெல்லாம் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் திருடன் சாட்சி தேடுகிற மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. "போடல" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் அவர் காதுக்கே பொய் மாதிரி விழுந்தது.

மறுநாளே அறைக்குள் ஒரு கேமரா மாட்டினார்கள். ஒரு வாரம் அது அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. தீனியை எடைபோட்டுவிட்டு, தராசின் எண் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஒதுங்கி நின்றார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு உட்காரவில்லை. ஏழு எலிகளும் அளவுத் தீனியைத்தான் தின்றன. அப்படியும் நாளுக்கு நாள் இளைத்தன.

வெள்ளிக்கிழமை அந்த ஏழில் பதினேழாம் நம்பரை அறுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எலிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம், மூக்கர் வைத்ததுமில்லை. ஆனால் பதினேழு அவர் கையில் வந்து உட்காரும், கடித்ததே இல்லை. மயக்க மருந்துப் பெட்டிக்குள் வைக்கும்வரை வழக்கம்போல அவர்தான் பிடித்துக்கொண்டார். எடையே இல்லை. காலி கையுறை மாதிரி இருந்தது.

அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் வந்து கூப்பிட்டாள். "அண்ணே, கையைக் கழுவிட்டு மேல வாங்க. நீங்க பாக்கணும்."

மேல்மாடியில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் அவரை உட்கார வைத்தாள். முதலில் நோயில்லாத ஒரு எலியின் கணையம். இளஞ்சிவப்பு வயல் நடுவே வட்டமாக, அடர்த்தியாக ஒரு பழுப்புத் திட்டு.

"இதைத் தீவுன்னு சொல்லுவோம். பழுப்பாத் தெரியறது எல்லாம் இன்சுலின் செய்யற செல்லு. இப்பப் பதினேழைப் பாருங்க."

மூக்கர் பார்த்தார். தீவு இருந்த இடம் தெரிந்தது. கரையான் அரித்த மரம் மாதிரி ஓரம் கிழிந்து, உள்ளே பொத்தல் பொத்தலாக. பழுப்பு அங்கொன்றும் இங்கொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"செத்துப்போச்சாம்மா?"

"பாதிக்கு மேல போயிருச்சு. மிச்சமும் ஓஞ்சு கிடக்கு. இந்த வம்சத்துக்கு ஒடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாது. அதனால அந்த செல்லுங்க ஆரம்பத்துல இருந்தே ஒண்ணுக்கு ரெண்டா உழைச்சிருக்கு. அப்ப நாம ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு எழுதி வச்சோம். உள்ள அதுங்க தேஞ்சுக்கிட்டே வந்திருக்கு. வெளிய எண் ஏறுறப்ப பாதி கதை முடிஞ்சு போச்சு."

"தீனி குறைச்சதுக்குப் பலனே இல்லையா?"

"இருந்துச்சு. வேண்டிய மட்டும் தின்னதுங்களுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே வந்துருச்சு, அளந்து தின்னதுல பதிமூணு எலிக்கு இன்னும் வரல. ஆனா இந்த ஏழுக்கும் பிறவியிலேயே தாங்கற சக்தி கம்மி. அளந்து போட்டாலும் வந்துதான் தீரும். இதுங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல." கண்ணாடித் தகட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "உங்க மேலயும் இல்ல அண்ணே. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க. கேமராவை இன்னைக்கே கழட்டச் சொல்லிட்டேன். பேராசிரியர்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் நானே போய்ச் சொல்லிட்டேன்."

மூக்கருக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நடையே வேறு. இத்தனை நாள் பேசாமல் இருந்ததையும் மறந்துபோய், சமையலறை மேஜைமுன் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"என்னைப் போய்ச் சந்தேகப்பட்டாங்க தெரியுமா? இருபத்திரண்டு வருஷம். கேமரா வச்சுப் பாத்தாங்க. நான் இல்லைன்னு சொல்றேன், ஒருத்தன் நம்பல. அளந்து போட்டா ஏறக்கூடாதேன்னு ஒரே பேச்சு. கடைசியில அறுத்துப் பாத்தா, தீனியில ஒண்ணுமே இல்ல. அந்த செல்லுங்க உள்ளயே செத்துக்கிட்டு இருந்திருக்கு. நாம என்ன போட்டாலும் அது ஏறியிருக்கும். அந்த எலி என்ன பண்ணும்? அது ஒரு தப்பும் பண்ணல."

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டுக் குவளையில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். இன்னொரு குவளை ஊற்றினாள். அதையும் குடித்தாள்.

"மனுஷனுக்கும் அப்படித்தானா?" என்றாள்.

"எலிய வச்சு மனுஷனுக்கு அப்படியே சொல்லிட முடியாது. ஆனா..."

மூன்றாவது குவளைக்காக அவள் கூஜாவைச் சாய்த்தாள். காலி. எழுந்து குழாயடிக்குப் போனாள். பின்னாலிருந்து பார்த்தபோது, சட்டைக்குள் முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது.  காலையில் கூண்டைத் திறந்ததும் மூக்கர் எதைத் தேடுவாரோ, அதெல்லாம் ஏழெட்டு மாதமாக இந்த வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

கூஜாவோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாளா?"

"கேட்டுச்சு."

"எத்தனை நாள் கழிச்சு?"

"தெரிஞ்ச அன்னைக்கே."

"நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டு, மிச்ச அவரையை உரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் அவர் விடுப்புச் சொல்லிவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சாப்பாட்டுல கொஞ்சம் அப்படி இப்படி ஆயிருச்சோ?"

"இல்ல டாக்டர்" என்றார் மூக்கர். "நான் அளந்து போட்டதைத்தான் சாப்பிட்டா. அதுக்கு மேல ஒரு வாய் சாப்பிடல. உடம்பு சொந்தமா இன்சுலின் செய்யுதான்னு பாருங்க."

பார்த்தார்கள். மிகக் கொஞ்சமாகத்தான் சுரந்துகொண்டிருந்தது. கண்ணையும் சோதித்தார்கள். வலது கண்ணின் விழித்திரையில் ரத்தம் கசிந்து தழும்பாகியிருந்தது.

"ஊசி ரெண்டு வருஷம் முன்னாலயே ஆரம்பிச்சிருக்கணும்" என்றார் டாக்டர். "வலது கண்ணுல போன பார்வை திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்திரலாம்."

யாருடைய வாயால் அது தள்ளிப்போயிற்று என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.  மூக்கர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊசி போடுவதை ஒரு செவிலி சொல்லிக்கொடுத்தாள். "இவருக்கு இதெல்லாம் பழக்கம், வீட்டுல இவரே போட்டுவிடுவாரா?" என்று கேட்டாள். "நானே போட்டுப்பேன்" என்றாள் மனைவி. இடது கண்ணை நெருக்கமாகக் கொண்டுபோய் ஊசிக்குழாயில் இருந்த எண்ணைப் பார்த்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி, தானே போட்டுக்கொண்டாள். முதல் நாள் இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. நாலாம் நாள் ஒரே தடவையில் முடித்தாள்.

மூக்கர் அந்த வாரம் ஒரு வேலை செய்தார். யாரிடமெல்லாம் சொல்லியிருந்தாரோ, அவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் போய்ப் பார்த்தார். மாடி வீட்டுக்காரி கதவைத் திறந்ததும், "என் மனைவி திருடித் தின்னான்னு சொன்னேன்ல, அது பொய்" என்றார். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள். அவர் உட்காரவில்லை. கொழுந்தியாள் வீட்டில், அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும் அத்தான்" என்றாள். "உங்களுக்குத் தெரியறதுக்கு ஒரு எலி சாக வேண்டியிருந்திருக்கு."  மூக்கர் துணியை வாங்கி, அவள் விட்ட இடத்திலிருந்து கொஞ்ச நேரம் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

சலவைக்கடைக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் வேலை முடித்துக் கிளம்பிய பிறகு போனார். மேற்பார்வையாளர் பில் கட்டுகளுக்கு நடுவே இருந்தார். இஸ்திரி மேடைகள் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. நாலைந்து பெண்கள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு நழுவலாம் என்று நினைத்துத்தான் போனார். அங்கே அந்தப் பெண்களைப் பார்த்ததும் அது போதாது என்று தெரிந்துவிட்டது. பையில் கிடந்த பிஸ்கட் காகிதத்தையும் சேர்த்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லி முடித்தபோது, மடித்துக்கொண்டிருந்தவர்களில் வயசான ஒருத்தி, "அந்த பிஸ்கட் காகிதம் என்னுதுங்க" என்றாள். "அவ எடுத்துப் பையில போட்டுக்கிட்டா, நான் குனிய முடியாதவ." மூக்கர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். வெளியே வரும்போது வழி தெரியாமல் துணிக்கூடையில் இடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். அதுவும் செவிலி சொல்லிக்கொடுத்ததுதான். பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கடைக்கு வந்தீங்களாமே."

"வந்தேன்."

"தங்கச்சியும் போன்ல சொன்னா. மாடி வீட்டுலயும் சொன்னீங்களாம்."

"சொன்னேன்."

அவள் காலைக் கீழே இறக்கி வைத்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. என்கிட்ட இன்னும் சொல்லல."

அவருக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஒரு வாரமாகத் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னவர், இந்த மேஜைக்கு எதிரே வந்து சொல்லவில்லை. அங்கேயெல்லாம் சுலபமாக வந்த பேச்சு இங்கே வரவில்லை. அவள் காத்திருந்தாள், உதவிக்கு வரவில்லை. 

"உன்னைத் திருடின்னு சொன்னேன்" என்றார் கடைசியில். "நீ இல்லைன்னு சொன்னப்ப நம்பல. டாக்டர் ஊசி போடறேன்னு சொன்னப்பத் தடுத்தேன். உன் கண்ணு போனது என்னாலதான். நீ இளைச்சதைப் பாத்து நான் சந்தோஷப்பட்டேன்." நிமிர்ந்து, "மன்னிப்புக் கேக்கறேன்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். நல்ல கண் பக்கமாக முகத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறாள்.

"அந்தக் காகிதத்தை நீங்க மேஜையில வச்ச அன்னைக்கு, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிரலாம்னு இருந்தேன்" என்றாள். "துணிகூட எடுத்து வச்சுட்டேன். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கே, அங்க ஒரே பாத்ரூம், பிள்ளைகளுக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான் போகல. உங்களுக்காக இல்ல."

"சரி."

"மன்னிக்கறதா என்னன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா சொல்றேன்."

"சரி" என்றார் மறுபடி.

அவள் எழுந்து போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தாள். அடுப்பில் அவரைக்காயும் முட்டையும் சூடாக இருந்தன. ரொட்டிக் கூடையை எடுத்து நடுவில் வைத்தாள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள். "சாப்பிடலாம்."

பசிக்கிறது என்ற சொல்லை அவள் வாயால் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று அவர் யோசித்துப் பார்த்தார், ஞாபகத்துக்கு வரவில்லை. தனக்கு ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தன் ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தார். எதிரே கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தம் கேட்டது. அவள் தட்டில் எவ்வளவு போட்டுக்கொண்டாள் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.